தெரியாது என்பதையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அறிவியல் பக்கத்தில் மூளையைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மனித மூளை ஒரு கம்ப்யூட்டர், நினைவுகள் அதன் ஹார்ட் டிஸ்க்கில் பதிந்த ஃபைல்கள், மொத்தக் கொள்ளளவு 25 லட்சம் ஜிகாபைட், அல்சைமர் என்ற மறதி நோய் வந்தால் அந்த ஃபைல்கள் ஒவ்வொன்றாக அழிந்துவிடும் என்று அதில் இருந்தது. எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. 31 வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தியவள் நான். கரும்பலகையில் பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று வரைந்து, அம்புக்குறி போட்டு, பெருமூளைக்குப் பக்கத்தில் "நினைவாற்றல்" என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். பெருமூளையில் எந்த இடத்தில், எந்த வடிவத்தில் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை, பிள்ளைகளையும் கேட்கவிடவில்லை.

ஆனால் கட்டுரையில் இருந்த அந்த "அழிந்துவிடும்" என்ற அதே நம்பிக்கைதான் முன்பு ஒருமுறை என் வீட்டில் நான்கு மாதத்தைத் தின்றுவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் அம்மா தையல்காரர். 74 வயதில் அவருக்கு அல்சைமர் என்று கண்டுபிடித்தார்கள். முதலில் ஆட்களின் பெயர்கள் போயின. அப்புறம் நாட்கள் குழம்பின. அப்புறம் குளியலறை எந்தப் பக்கம் என்பதே தெரியாமல் போனது. ஐந்தாவது வருடம் நான் யார் என்பதும் போய்விட்டது. பேச்சும் ஏறக்குறைய நின்றுவிட்டது. அந்த நிலையிலும் கையில் ஒரு துணியைக் கொடுத்தால் ஓரத்தை மடித்து நகத்தால் நீவிக்கொண்டே போவார். ஒருநாள் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கால் அங்குலம், பிசகவில்லை.

அந்தச் சமயத்தில் அம்மாவைப் பார்த்த ஒரு மருத்துவர், மூளை ஸ்கேன் படத்தில் நினைவுக்கு முக்கியமான ஒரு இடத்தைக் காட்டி என்னிடம் சொன்னார்: "ஹிப்போகாம்பஸ் சுருங்கிப்போச்சும்மா. உள்ளே இனிமே எதுவும் இல்லை. நீங்க பேசுறது அவங்களுக்குப் போய்ச் சேராது. உடம்பை மட்டும் நல்லா பாத்துக்குங்க." என் பாரத்தைக் குறைக்கத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று இப்போது புரிகிறது. நான் அதை அப்படியே நம்பினேன். நான் நடத்திய பாடத்தோடு அது ஒத்துப்போனதுதான் காரணம். ஃபைல் அழிந்துவிட்டது, அவ்வளவுதானே. அன்றிலிருந்து அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். குளிப்பாட்டுவேன், ஊட்டிவிடுவேன், படுக்கை மாற்றுவேன். எல்லாம் வாய் திறக்காமல். நான்கு மாதம் அப்படியே போனது.

ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடம். விரிப்பு மாற்றுவதற்காக அம்மாவை என் பக்கம் திருப்பினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் தெளிவான குரலில் கேட்டார்: "பாப்பா, இது எப்ப போட்ட கண்ணாடி?"

நான் கண்ணாடி போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அத்தனை நாளும் அம்மா அந்தக் கண்ணாடி முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு அது புதிது என்று அவருக்குத் தெரிய வேண்டுமானால், கண்ணாடி இல்லாத என் பழைய முகம் அவருக்குள் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். அதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். தம்பி எப்போது வருவான் என்று அவன் பெயரைச் சொல்லிக் கேட்டார். தையல் மிஷினுக்கு பெல்ட் மாற்றியாச்சா என்று கேட்டார். அந்த பெல்ட் அறுந்தது ஆறு வருடத்துக்கு முன்னால். நாற்பது நிமிடம் பேசினோம். ஏழு மணி வாக்கில் பார்வை மறுபடி வேறெங்கோ போய்விட்டது. மூன்றாம் நாள் அம்மா இறந்துவிட்டார்.

இதை அற்புதம் என்று நான் சொல்ல வரவில்லை. இப்படி நடப்பது பல காலமாக மருத்துவக் குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. மிக்கேல் நாம் (Nahm) என்ற ஜெர்மானிய உயிரியலாளர் 2009-ல் இதற்கு இறுதித் தெளிவு என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். 2019-ல் ஒரு அறிவியலாளர் குழு இதை முறையாக ஆராய வேண்டும் என்று கட்டுரை எழுதியது. அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனமும் இதற்கென்று நிதி ஒதுக்கியது. எப்படி நடக்கிறது என்பதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம் இதுவரை இல்லை. உயிர் பிரியும் நிமிடங்களில் சிலருடைய மூளையில் திடீரென்று வேகமான மின் அலைகள் எழுவதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜிமோ போர்ஜிகின் குழு பதிவு செய்து 2023-ல் வெளியிட்டது. நான்கு பேரில் இரண்டு பேரிடம் அதைப் பார்த்தார்கள். அதையே பதிலாகச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது போதவில்லை. அம்மாவுக்கு நடந்தது கடைசி நிமிடத்தில் அல்ல, மூன்று நாட்களுக்கு முன்னால்.

அம்மா போன பிறகு இரண்டு வருடம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. மறதி நோயில் நினைவு அழிந்துபோகிறதா, இல்லை, இருந்தும் எட்டாமல் போகிறதா? வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளை வரவில்லை என்று குறிப்பது வேறு, டி.சி. கொடுத்துப் பெயரை அடிப்பது வேறு. என்னிடம் மருத்துவர் சொன்னது இரண்டாவது. உங்கள் கட்டுரை சொன்னதும் அதுவே. உண்மையில் இந்த இரண்டில் எது என்பதை நரம்பியல் இன்னும் தீர்த்து முடிக்கவில்லை.

முதலில் அந்த ஹிப்போகாம்பஸ். 1953-ல் ஹென்றி மோலைசன் என்ற 27 வயது இளைஞருக்குத் தீராத வலிப்பு. வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய இரண்டு பக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அதைச் சுற்றியிருந்த பகுதிகளையும் எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் 2008-ல் இறக்கும்வரை புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. சற்றுமுன் சந்தித்தவரையே மறுபடி புதியவராகப் பார்த்தார். அதே மனிதருக்குத் தன் சின்ன வயது தெரியும், பெற்றோரைத் தெரியும், பேச்சு தெரியும். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையச் சொன்னார். மூன்று நாளில் நன்றாகத் தேறிவிட்டார். மூன்றாம் நாளும் இதற்குமுன் இதைச் செய்ததே இல்லை என்றுதான் நினைத்தார். கைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. அம்மாவின் கால் அங்குல மடிப்பு எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆக, ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி போன ஒரு மனிதருக்குள் ஒரு வாழ்க்கையின் பாதி இருந்திருக்கிறது. பழைய நினைவுகளை மீட்க அந்த உறுப்பு எப்போதும் வேண்டுமா, சில காலத்துக்குப் பிறகு தேவையில்லையா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதம் செய்துகொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு வந்தது மூளை முழுக்கப் பரவிய நோய், மோலைசனுக்கு நடந்தது ஓரிடத்தில் நடந்த அறுவை. இரண்டையும் ஒன்றாக வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். சுருங்கிய ஹிப்போகாம்பஸைக் காட்டி உள்ளே எதுவும் இல்லை என்று முடிவு சொல்ல முடியாது என்பதை மட்டும்தான் சொல்கிறேன்.

சரி, நினைவு பிறகு எங்கே இருக்கிறது? கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் 30 வருடம் இதைத் தேடினார். எலிகளுக்குப் பாதை பழக்கி, பெருமூளையின் மேலடுக்கான புறணியில் ஒவ்வொரு இடமாக வெட்டிப் பார்த்தார். எவ்வளவு வெட்டுகிறோமோ அவ்வளவு மறந்தனவே தவிர, இந்த இடம்தான் என்று ஒன்றும் கிடைக்கவில்லை. 1950-ல் கிடைக்கவில்லை என்றே எழுதி வெளியிட்டார். 30 வருடம் உழைத்துவிட்டு அப்படி எழுதுவதற்குப் பெரிய மனது வேண்டும். நான் வகுப்பில் லாஷ்லி பெயரை ஒருநாளும் சொன்னதில்லை.

இன்று பெரும்பாலோர் ஏற்பது, நினைவு என்பது நியூரான்கள் என்ற நரம்புச் செல்களுக்கு இடையிலுள்ள சினாப்ஸ் இணைப்புகள் வலுப்பதிலும் தளர்வதிலும் இருக்கிறது என்பது. டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக் 1984-ல் இதைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். சினாப்ஸ் புரதங்களால் ஆனது. புரதங்கள் சில நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்து புதியவை வருகின்றன. கட்டடத்தின் எல்லாச் செங்கல்லும் மாதாமாதம் மாறினால், 70 வருடத்துக்கு முந்தைய நினைவு எப்படி நிற்கிறது? ஆறு வயதில் கேட்ட ஒரு குரல் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. அன்று அதைப் பதிந்த புரதங்களில் பெரும்பாலானவை இப்போது என் மூளையில் இருக்க வாய்ப்பில்லை. இந்தக் கேள்வியை வகுப்பில் வைத்திருந்தால் கடைசி பெஞ்சில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதற்குப் பதில் தேடிய கதையும் நேர்க்கோட்டில் போகவில்லை. டாட் சாக்டர், ஆந்த்ரே ஃபென்டன் என்ற நரம்பியல் ஆய்வாளர்களின் குழு 2006-ல் எலிகளில் பி.கே.எம். ஸீட்டா என்ற ஒரு மூலக்கூறைத் தடுத்தது. ஒரு மாதப் பழைய நினைவு மறைந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று உலகமே பேசியது. 2013-ல் வேறு இரண்டு குழுக்கள் அந்த மூலக்கூறே இல்லாமல் எலிகளை வளர்த்தன. அவை நன்றாகவே நினைவு வைத்திருந்தன. எல்லாம் போச்சு என்றார்கள். 2024-ல் சாக்டரும் ஃபென்டனும் திரும்பி வந்து, கிப்ரா என்ற இன்னொரு புரதம் அந்த மூலக்கூறைச் சரியான சினாப்ஸில் பிடித்து ஒட்டவைக்கிறது, தனித்தனிப் புரதங்கள் மாறினாலும் அந்தப் பிடிப்பு தொடர்கிறது என்று காட்டினார்கள். இதோடு முடிந்ததா என்றால் இல்லை. இதற்கிடையில் 2018-ல் டேவிட் கிளான்ஸ்மன் குழு, பயிற்சி கொடுத்த ஒரு கடல் நத்தையின் ஆர்.என்.ஏ.வை (செல்லுக்குள் மரபுச் செய்தியைக் கொண்டுபோகும் மூலக்கூறு) எடுத்துப் பயிற்சியே இல்லாத நத்தைக்குள் செலுத்தியது. இதுவும் பயிற்சி பெற்றது போலவே நடந்துகொண்டது. அப்படியென்றால் நினைவு சினாப்ஸில் இல்லை, செல்லுக்குள்ளேயே இருக்கிறதா? பலர் இதை ஏற்கவில்லை. ஆனாலும் கேள்வி நிற்கிறது.

இந்த நிலையில் 25 லட்சம் ஜிகாபைட் என்ற கணக்கை யார் அளந்தார்கள்? யாரும் அளக்கவில்லை. நியூரான் எண்ணிக்கையை இணைப்புகளால் பெருக்கி, ஒரு இணைப்புக்கு இவ்வளவு என்று அனுமானித்துப் போட்ட கணக்கு அது. நியூரான் எண்ணிக்கையே அண்மைக்காலம் வரை சரியாகத் தெரியாது. 10,000 கோடி என்று நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தேன். பிரேசில் நாட்டு விஞ்ஞானி சுசானா எர்குலானோ ஊசெல் மூளைத் திசுவைக் கரைசலாக்கி, செல்களின் கருக்களை எண்ணும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். 2009-ல் வந்த விடை சுமார் 8,600 கோடி. நான் சொன்னதற்கும் இதற்கும் 1,400 கோடி வித்தியாசம். அப்புறம் 2024-ல் ஹார்வர்டும் கூகுளும் சேர்ந்து மனித மூளையின் கடுகளவுத் துண்டு ஒன்றை, ஒரே ஒரு கன மில்லிமீட்டரை, நுணுக்கமாகப் படம் பிடித்தன. அதில் சுமார் 57,000 செல்கள், 15 கோடி சினாப்ஸ்கள். அந்தப் படத்தைச் சேமிக்க மட்டும் 14 லட்சம் ஜிகாபைட் ஆனது. அவ்வளவு படம் எடுத்தும் அந்தத் துண்டில் ஒரு நினைவு இருந்ததா, இருந்தால் எது என்று யாராலும் வாசிக்க முடியாது. இத்தனைக்கும் வெறும் 302 நியூரான் உள்ள ஒரு சின்னப் புழுவின் இணைப்பு வரைபடம் 1986-லேயே வந்துவிட்டது. அது அடுத்து என்ன செய்யும் என்பதை அந்த வரைபடத்தை வைத்து முழுதாகச் சொல்ல இன்றும் முடியவில்லை.

என் மனதை அதிகம் தொட்டது 2016-ல் வந்த ஓர் ஆய்வு. நோபல் பரிசு பெற்ற சுசுமு டோனெகாவாவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் நடந்தது. அல்சைமரின் தொடக்க நிலையை ஒத்த குறைபாடுள்ள சுண்டெலிகளை ஒரு பெட்டியில் விட்டு, காலில் லேசான மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். மறுநாள் அதே பெட்டியில் விட்டால் நல்ல எலி பயந்து உறைந்து நிற்கும். இந்த எலிகள் மறந்துவிட்டு சாதாரணமாக உலாவின. அழிந்துவிட்டது என்றுதானே நாம் சொல்வோம்? அந்த அதிர்ச்சியின்போது வேலை செய்த ஹிப்போகாம்பஸ் செல்களுக்கு மட்டும் முன்பே ஒரு குறி வைத்திருந்தார்கள். ஒளி பட்டால் தூண்டப்படும்படி அவற்றை மாற்றியிருந்தார்கள். நீல ஒளியைச் செலுத்தியதும் எலி உறைந்து நின்றது. நினைவு இருந்திருக்கிறது. அதை எடுக்கும் வழிதான் கெட்டுப்போயிருந்தது. அந்தச் செல்களின் இணைப்பு முட்களை, அதாவது சினாப்ஸ் அமையும் நுண்ணிய முளைகளை, மறுபடி வளரத் தூண்டியபோது ஒளி இல்லாமலே நினைவு வந்தது.

இது எலி, அதுவும் நோயின் தொடக்க நிலை. மனிதர்களிடம் இப்படிச் செய்ய இப்போதைக்கு வழியில்லை. நோய் முற்றியபின் நியூரான்களே செத்துப்போகின்றன, செத்ததை எந்த ஒளியும் எழுப்பாது. யாருக்கும் பொய்யான நம்பிக்கை கொடுக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்த வரியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எதிர்ப்பக்கம் இன்னொரு புதிரும் உண்டு. டேவிட் ஸ்நோடன் என்ற ஆய்வாளர் 1986-ல் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாஸ்திரிகள் பங்கேற்று, இறந்தபின் தங்கள் மூளையையும் கொடுத்தார்கள். 101 வயதில் இறந்த ஒருவர் கடைசிவரை நினைவுச் சோதனைகளில் நன்றாகத் தேறியவர். அவருடைய மூளையைப் பார்த்தால் அல்சைமருக்கு உரிய புரதப் படிவுகளும் சிக்கல்களும் நிறைய இருந்தன. மூளையில் தெரிவதற்கும் மனிதர் நடந்துகொள்வதற்கும் இவ்வளவு இடைவெளி இருக்கலாம். 2024-ல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வில், மூளைக் காயத்தால் எந்தக் கட்டளைக்கும் அசையாத 241 பேரிடம், கையை அசைப்பதாக மனதில் நினையுங்கள் என்பது போன்ற கட்டளைகள் கொடுத்துப் பார்த்தார்கள். 60 பேருடைய மூளை அந்தச் சொல்லுக்கு ஏற்ப வேலை செய்தது. நான்கில் ஒருவர். வெளியே முகத்தில் ஒன்றும் இல்லை. என் அம்மாவின் நிலை வேறு, அவர் கோமாவில் இல்லை. இருந்தாலும் "போய்ச் சேராது" என்று பார்வையாலேயே தீர்ப்புச் சொல்ல யாருக்கும் முடியாது என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சான்று வேண்டாம்.

ஆசிரியர் அவர்களே, கம்ப்யூட்டர் உவமையே கூடாது என்று கேட்கவில்லை. பிளேட்டோ காலத்தில் நினைவு மெழுகில் பதிந்த முத்திரையாக இருந்தது. அப்புறம் அது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆனது, இப்போது ஹார்ட் டிஸ்க். ஒவ்வொரு தலைமுறையும் கையில் இருக்கும் பெரிய கருவியைத்தான் காட்டும். அது உவமைதான் என்பதை ஒரு வரி சேர்த்து எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். நினைவு எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பது இன்னும் தெரியாது, மறதி நோயில் அது அழிகிறதா எட்டாமல் போகிறதா என்பதும் முழுதாகத் தெரியாது என்று அதே பக்கத்தில் அச்சிடுங்கள். மறதி நோய் வந்தவர்களோடு வாழும் குடும்பங்கள் உங்கள் பத்திரிகையைப் படிக்கின்றன. ஏற்கெனவே களைத்துப்போனவர்கள் அவர்கள். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பேசுவதை நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்தினேன்.

முடிந்தால் வாரம் ஒரு தீராத கேள்விக்கு இடம் கொடுங்கள். 1846-ல் பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்து கொடுத்து முதன்முதலாகப் பலர் முன்னிலையில் அறுவை செய்து காட்டினார்கள். மயக்க மருந்து எந்தெந்தப் புரதத்தில் ஒட்டுகிறது என்று இன்று நிறையத் தெரிந்தும், உணர்வு ஏன் அணைந்துபோகிறது என்பதற்கு ஒருமித்த பதில் இல்லை. உணர்வு மூளையில் எப்படி எழுகிறது என்பது 25 வருடத்தில் தெரிந்துவிடும் என்று நரம்பியல் விஞ்ஞானி கிறிஸ்டோஃப் காக் 1998-ல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டி, 2023-ல் தோற்றதை மேடையிலேயே ஒத்துக்கொண்டார். இதையெல்லாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்க வேண்டும். எல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டது என்று நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தப் பக்கம் திரும்பாமலே போனார்களோ.

கடைசியாக உங்கள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இதை வெட்டாமல் போட்டால் மகிழ்வேன். முற்றிய மறதி நோயில் இருந்தவர் திடீரென்று தெளிவாகப் பேசியதை உங்கள் வீட்டில் யாராவது பார்த்திருந்தால், அதைப் பற்றி எழுதி வையுங்கள். என்ன தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நின்றது, அதற்கு முந்தின நாள் என்ன மருந்து கொடுத்தீர்கள், காய்ச்சல் இருந்ததா, யாரை அடையாளம் தெரிந்தது, என்ன வார்த்தை சொன்னார்கள். இந்த விஷயத்தில் ஆய்வாளர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பல மாதம், பல வருடம் கழித்து உறவினர்கள் நினைவிலிருந்து சொல்வதுதான். அன்றே எழுதிய குறிப்புகள் குறைவு. நடந்த அன்றைக்கே என் டைரியில் நான் எழுதியதில் 6.10 முதல் 6.50 வரை நேரம் இருக்கிறது, அம்மா சொன்ன சொற்கள் இருக்கின்றன. முந்தின நாள் கொடுத்த மாத்திரையின் பெயரை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓர் உயிரியல் ஆசிரியை